9 செ.மீ. ஆஞ்சியோமயோலிபோமா: சிறுநீரகத்தை எடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் அக்காவுக்கு 43 வயது. வலது விலாவுக்குக் கீழே பல மாதங்களாக இருந்த மந்தமான வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், வலது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 9 செ.மீ. அளவுள்ள ஒரு கட்டி தெரிந்தது. அதன்பின் எடுத்த சிடி ஸ்கேன் அறிக்கை, கட்டிக்குள் கொழுப்பு இருக்கிறது என்றும், அது ஆஞ்சியோமயோலிபோமா என்னும் தீங்கற்ற கட்டி என்றும் சொல்கிறது. இடது சிறுநீரகத்தில் குறை எதுவும் இல்லை, சிறுநீரகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 0.8, அதாவது இயல்பு. ஒரு மருத்துவர் வலது சிறுநீரகத்தை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்கிறார்; இன்னொருவர் கட்டிக்குப் போகும் இரத்தக்குழாய்களை அடைத்தால் போதும் என்கிறார். இது புற்றுநோயா, சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா, அக்காவின் மகளுக்கும் வருமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

நான் வயிற்று ஸ்கேன்களைப் படித்து அறிக்கை எழுதும் கதிரியக்கத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவன். அறுவை மருத்துவன் அல்லன். ஆகவே ஸ்கேனைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசுவேன். இந்த நோயில் அது பொருத்தமும்கூட, ஏனென்றால் எந்தச் சிகிச்சை, எவ்வளவு அவசரம் என்பதில் பெரும்பகுதி படத்தைச் சரியாகப் படிப்பதிலேயே அடங்கியிருக்கிறது. அக்காவை நான் பரிசோதிக்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். அறிக்கைகளில் இந்தக் கட்டியை ‘ஏஎம்எல்’ என்று சுருக்கி எழுதுவது வழக்கம். அதே மூன்றெழுத்து இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கும் சுருக்கப் பெயராக இருப்பதால், வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆஞ்சியோமயோலிபோமா என்ற நீண்ட பெயரே அதன் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடுகிறது: ‘ஆஞ்சியோ’ இரத்தக்குழாய், ‘மயோ’ தசை, ‘லிபோமா’ கொழுப்புக் கட்டி. இம்மூன்றும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து வளர்வதே இந்தக் கட்டி. நடுவயதுப் பெண்களிடம், ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக, இது காணப்படுகிறது. ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எந்த மரபுநோயும் இல்லாமல் தனித்து வருகிறது. எஞ்சியவர்களுக்கு டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்னும் மரபுநோயுடனோ, பெண்களின் நுரையீரலைப் பாதிக்கும் ‘லாம்’ என்ற அரிய நோயுடனோ சேர்ந்து வருகிறது.

இவ்வளவு பெரிய கட்டி தீங்கற்றதாக இருக்க முடியுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. பொதுவாகச் சிறுநீரகத்தில் திடக்கட்டி பெரிதாகப் பெரிதாக அது புற்றாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முப்பது ஆண்டுகளில் அறுவை செய்யப்பட்ட ஏறத்தாழ 2,900 கட்டிகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஆய்வில், 1 செ.மீ.க்குக் குறைவானவற்றில் 46 சதவீதம் தீங்கற்றவை, 7 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் 6 சதவீதம் மட்டுமே அப்படி இருந்தன. எனவே 9 செ.மீ. கட்டியைப் பார்த்தவுடன் ஓர் அறுவை மருத்துவருக்குப் புற்றுநோய்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பொதுக் கணக்கைத் தனியொரு நோயாளிக்குப் பொருத்தும்போது, கட்டிக்குள் கொழுப்பு உறுதியாகத் தெரிந்தால் கணக்கே மாறிவிடுகிறது.

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்டில் இந்தக் கட்டி வெள்ளைவெளேரெனத் தெரியும். ஆனால் 3 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகப் புற்றுக்கட்டிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அதேபோல் வெள்ளையாகவே தெரியும் என்பதால், அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து ‘ஆஞ்சியோமயோலிபோமா’ என்று முடிவுகட்டுவது தவறு. சிடி ஸ்கேன் அப்படியல்ல; அது ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணாக அளந்து தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அந்த அளவுகோலில் நீர் 0, காற்று மைனஸ் 1000, சாதாரணச் சிறுநீரகத் திசு ஏறத்தாழ 30 முதல் 40, உடற்கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. சாய மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தில், கட்டிக்குள் ஓர் இடத்திலாவது மைனஸ் 10க்கும் கீழே தெளிவாக இறங்கினால் அங்கே கொழுப்பு உண்டு என்று கொள்கிறோம். அத்தகைய கொழுப்பு இருந்து, கால்சியம் படிவு இல்லாமலும் இருந்தால், அது ஆஞ்சியோமயோலிபோமா என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. சாயம் ஏற்றிய பின் எடுத்த படத்தை மட்டும் வைத்து அளந்தால், சாயம் எண்ணை உயர்த்திக் கொழுப்பை மறைத்துவிடும். படத்துண்டுகள் தடிமனாக இருந்தாலும், கொழுப்பும் பக்கத்துத் திசுவும் ஒரே புள்ளியில் கலந்து எண் பொய்யாகிவிடும். எனவே சாயமில்லாத, 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளில் அளக்கப்பட்டதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ உதவும். அதில் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைக்கும் ஒரு முறை இருக்கிறது. அந்தப் படத்தில் கருத்துப்போகும் பகுதி கொழுப்பேதான். எம்ஆர்ஐயில் வேறொரு முறையும் உண்டு, அது செல்லுக்குள் நுண்ணிய அளவில் இருக்கும் கொழுப்பைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சிறுநீரகப் புற்றின் மிகப் பரவலான வகையிலும் அப்படி நுண்கொழுப்பு இருக்கும் என்பதால், அந்த ஒரு சான்றை மட்டும் நம்பித் தீங்கற்றது என்று சொல்லக் கூடாது.

9 செ.மீ. கட்டியில் நான் மறக்காமல் பார்க்கும் இன்னொன்று, அது உண்மையிலேயே சிறுநீரகத்திலிருந்து கிளம்பியதா என்பது. வயிற்றின் பின்புறத்தில் லிபோசார்கோமா என்னும் கொழுப்புப் புற்று வளர்ந்து சிறுநீரகத்தை அழுத்தி நிற்கும்போது, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றிவிடும். ஆஞ்சியோமயோலிபோமா என்றால் அது கிளம்பிய இடத்தில் சிறுநீரகத்தின் விளிம்பில் ஒரு பிளவு தெரியும், அந்தப் பிளவின் வழியே சிறுநீரகத் தமனியின் தடித்த கிளைகள் கட்டிக்குள் நுழைவதும் தெரியும். லிபோசார்கோமா சிறுநீரகத்தைத் தள்ளுமே தவிர அதன் விளிம்பைப் பிளக்காது. சிகிச்சை இரண்டுக்கும் முற்றிலும் வேறு என்பதால், இந்த ஒரு வரி அறிக்கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

மாறாக, சில ஆஞ்சியோமயோலிபோமாக்களில் கொழுப்பு மிகக் குறைவாக இருந்து ஸ்கேனில் தெரியாமலே போகும்; அவற்றைப் புற்றிலிருந்து பிரித்தறிய ஊசித் திசுப் பரிசோதனை வேண்டும். எச்எம்பி-45, மெலன்-ஏ என்ற சாயங்களை அந்தத் திசு ஏற்றுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். ‘எபிதீலியாய்டு’ என்ற ஓர் அரிய உட்பிரிவு மட்டும் புற்றைப் போலப் பரவக்கூடியது. அதிலும் பெரும்பாலும் கொழுப்பு குறைவாகவே இருக்கும். மற்றபடி, கொழுப்பு நிறைந்த வழக்கமான வகை புற்றாக மாறுவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் அது சிறுநீரகச் சிரைக்குள்ளும் பெருஞ்சிரைக்குள்ளும் நீண்டு வளர்ந்திருக்கும், பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் காணப்படும். அப்போதும் அதைப் புற்றுப் பரவல் என்று எண்ணுவதில்லை.

அப்படியானால் ஆபத்து எது? இரத்தக்கசிவு. இந்தக் கட்டியின் இரத்தக்குழாய்கள் இயல்பானவை அல்ல. அவற்றின் சுவரில் மீள்தன்மை தரும் இழைகள் சரியாக அமையாததால், அழுத்தம் தாங்காமல் ஆங்காங்கே பலூன்போல வீங்கிக்கொள்கின்றன. அந்த வீக்கம் வெடித்தால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள இடத்தில் இரத்தம் கொட்டும். அடிபடாமலே சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கசியும் இந்த நிலையை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிஹ் 1856இல் விவரித்ததால், இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

யாருக்கு வெடிக்கும் என்பதைக் கணிக்க மருத்துவ உலகம் நீண்ட காலம் கட்டியின் அளவையே நம்பியது. 1986இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 4 செ.மீ.யை எல்லையாக வைத்தது. அதற்கு மேல் என்றால் சிகிச்சை என்பது பாடமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழைய விதியைத்தான் முதல் மருத்துவர் பின்பற்றுகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டியது, கட்டியின் அளவைவிட அதற்குள் இருக்கும் இரத்தக்குழாய் வீக்கத்தின் அளவே வெடிப்பை நன்றாகக் கணிக்கிறது என்பதை. வெடித்த கட்டிகள் எல்லாவற்றிலும் 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வீக்கம் இருந்தது. 4 செ.மீ. விதியும் வெடித்தவற்றில் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனால் வெடிக்காத கட்டிகளில் பெரும்பாலானவற்றையும் அது ஆபத்தானவை என்று சொல்லிவிட்டது. 2016இல் டொராண்டோவிலிருந்து வந்த ஆய்வு நானூறுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, பெரும்பாலான கட்டிகள் மிக மெதுவாகவே வளர்கின்றன என்றும், 4 செ.மீ.யைத் தாண்டியவர்களிலும் பலரை முதலில் கண்காணிப்பிலேயே வைத்திருக்கலாம் என்றும் கூறியது.

ஆகவே அறிக்கையில் கட்டியின் நீள அகலம் மட்டும் எழுதப்பட்டு, உள்ளே இரத்தக்குழாய் வீக்கம் உண்டா, இருந்தால் எத்தனை மி.மீ. என்று எழுதப்படாமல் இருந்தால், அந்த அறிக்கை பாதியில் நிற்கிறது என்றுதான் சொல்வேன். நீங்கள் அனுப்பிய குறிப்பில் அந்த விவரம் இல்லை. சாயம் ஏற்றியவுடன் தமனிகள் ஒளிரும் முதல் கட்டத்துப் படங்களில் இதை அளக்கலாம். அந்தக் கட்டம் எடுக்கப்பட்டிருந்தால் புதிதாக ஸ்கேன் தேவையில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களைக் குறுந்தட்டில் வாங்கி, சிறுநீரக ஸ்கேன்களில் அனுபவமுள்ள ஒரு கதிரியக்க மருத்துவரிடம் மறுவாசிப்புக்குக் கொடுங்கள்.

இனிச் சிகிச்சை. 9 செ.மீ. கட்டி, வலியும் இருக்கிறது என்னும்போது, வெறும் கண்காணிப்பை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். வீக்கமே இல்லாமல், பெரும்பாலும் கொழுப்பாகவே உள்ள கட்டி என்றால் கண்காணிப்பும் பேசத்தக்கதே, 5 மி.மீ.க்கு மேல் வீக்கம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. இரண்டில் எதுவானாலும், இயல்பாக வேலை செய்யும் சிறுநீரகத்தை ஒரு தீங்கற்ற கட்டிக்காக முழுவதுமாக எடுப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம் என்பது உண்மைதான். ஆனால் 43 வயதில் ஒன்றை இழப்பவர், அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சர்க்கரை நோயோ இரத்தக்கொதிப்போ மறு சிறுநீரகத்தில் ஒரு கட்டியோ வந்தால், கைவசம் இருப்பைக் கரைத்துவிட்டே அதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது மருத்துவர் சொன்ன இரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சையை எம்போலைசேஷன் என்பார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரகத் தமனிக்குள் போய், கட்டிக்கு மட்டும் போகும் கிளைகளைத் தேர்ந்தெடுத்து, நுண்துகள்களாலோ ஆல்கஹாலாலோ உலோகச் சுருள்களாலோ அடைப்பது இது. தையல் இல்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் இல்லை. சிறுநீரகத்தின் நல்ல பகுதி தப்பிவிடுகிறது. அடுத்த சில நாட்களுக்குக் காய்ச்சல், விலா வலி, குமட்டல் ஆகியவை பலருக்கு வரும். கட்டியின் திசு சாவதால் ஏற்படும் எதிர்வினை அது, தொற்று அல்ல என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். இதன் குறை என்னவென்றால், இரத்தக்குழாயும் தசையும் சுருங்கினாலும் கொழுப்பு அதிகம் சுருங்குவதில்லை. எனவே கொழுப்பு மிகுந்த கட்டி அடைப்புக்குப் பின்னும் பெரிதாகவே தெரியலாம். அது தோல்வி அல்ல, வெடிக்கும் வாய்ப்பு குறைந்ததே வெற்றி. சிலருக்குப் புதிய கிளைகள் முளைத்து, சில ஆண்டுகளில் மீண்டும் செய்ய வேண்டி வரும் என்பதால் தொடர் ஸ்கேன் கட்டாயம்.

மூன்றாவது வழியை இரண்டு மருத்துவர்களும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது: சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பது. ஆஞ்சியோமயோலிபோமா எவ்வளவு பெரிதானாலும், பெரும்பகுதி சிறுநீரகத்துக்கு வெளியே தொங்கி, உள்ளே வேர்கொண்ட இடம் சிறியதாக இருப்பது அடிக்கடி காணும் காட்சி. கீழ்முனையில் வளர்ந்த கட்டிக்கு இது இன்னும் சாதகம். அந்த வேரின் குறுக்களவு எவ்வளவு, சிறுநீரகத்தின் நடுவிலுள்ள பெரிய குழாய்களுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்று மறுவாசிப்பில் கேளுங்கள். இடம் வாய்த்தால், திறந்த முறையிலோ லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோ உதவியுடனோ கட்டியை அகற்றிவிட முடியும். அறுவையின்போது சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் நேரம் 25 நிமிடங்களுக்குள் இருப்பது நல்லது. அது மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதால், பகுதி நீக்க அறுவையை அடிக்கடிச் செய்பவரைத் தேடிப் போவது பயன் தரும். வலி தொல்லை கொடுக்கிறது, கட்டி பெரும்பாலும் கொழுப்பு, வேர் சிறியது என்றால் நான் இந்த வழியையே விரும்புவேன். உள்ளே ஆழமாக வேர்கொண்டு, இரத்தக்குழாய்கள் மிகுந்திருந்தால் எம்போலைசேஷன்.

டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவர்களுக்கு இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருக்கும் என்பதால் கத்தி உதவாது, மாத்திரைதான் முதல் தேர்வு. அந்த மாத்திரையின் முன்னோடி வந்த வழி எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குச் சென்ற ஒரு குழு அள்ளிவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து ராபமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் அதற்குப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர். அதன் வழிவந்த எவரோலிமஸ், கட்டி வளரத் தூண்டும் ‘எம்டார்’ என்ற புரதத்தை அடக்குகிறது. 118 பேரைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதத்தினருக்குக் கட்டிகளின் மொத்தக் கனஅளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படிக் குறையவில்லை. வாய்ப்புண், கொழுப்புச்சத்து உயர்வு, தொற்று ஆகியவை பக்கவிளைவுகள். நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரக்கூடும். அக்காவுக்கு இருப்பது ஒரே கட்டி என்பதால், மரபுநோய் இல்லையென்று தெளிந்தால், இந்த மருந்து இப்போதைக்கு அவருக்கானது அல்ல.

சிகிச்சை முடியும்வரை வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அது உயிர் காப்பது. திடீரென விலாவில் கடும் வலி, தலைசுற்றல், வெளிறிப்போதல், குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. இரத்தம் சிறுநீரகத்துக்கு வெளியே தேங்கினால் சிறுநீர் தெளிவாகவே போகும். சிடி அறிக்கையின் நகல் கைப்பையிலேயே இருக்கட்டும். வெடித்த கட்டிக்கும் முதல் சிகிச்சை எம்போலைசேஷன்தான், அவசரத்தில் சிறுநீரகத்தை எடுப்பது அல்ல என்பதால், அந்த வசதி எந்த மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளோ, ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரைகளோ அவர் எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மறுவாசிப்பில் கொழுப்பு உறுதியாகாமல் போனால் வேறு பாதையில் போக வேண்டும். தீங்கற்ற பெரிய கட்டிகளில் அடுத்தது ஆன்கோசைட்டோமா. நடுவில் நட்சத்திரம்போல ஒரு தழும்பு தெரியலாம், ஆனால் புற்றிலும் அப்படித் தெரியும் என்பதால் படத்தை வைத்து மட்டும் அதை முடிவு செய்ய முடியாது, ஊசித் திசுப் பரிசோதனை வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தனித்து வரும் ஆஞ்சியோமயோலிபோமா தாயிடமிருந்து மகளுக்குப் போவதில்லை. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்றால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்கான தடயங்கள் வெளியிலேயே தெரியும்: மூக்கைச் சுற்றிக் கன்னங்களில் சிறுசிறு சிவந்த பருக்கள், நகத்தடியில் சதைமுளை, உடலில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள், சிறுவயதில் வலிப்பு. ‘லாம்’ நோயென்றால் மூச்சிரைப்போ, நுரையீரல் திடீரெனச் சுருங்கிப்போன நிகழ்வோ இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் நெஞ்சுப் பகுதிக்கு ஒரு சிடி எடுத்தால் தெரிந்துவிடும். மருத்துவர் இவற்றையெல்லாம் பார்த்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால், அக்காவின் மகளுக்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை.